பேசிக்கொண்டே ஏறிய மேடு

பின்னால் எதுவும் வரவில்லை. வராது என்று தெரியும். கரைப்பாதை ஆரம்பிக்கிற இடத்தில் குறுக்கே இரும்புக் கம்பங்களை நட்டு, ஆளும் ஆடும் சைக்கிளும் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து விட்டிருக்கிறார்கள், அந்தச் சந்தில் நானே ஹேண்டில்பாரைச் சாய்த்துத்தான் நுழைந்தேன், காரோ லாரியோ இந்தப் பக்கம் தலைகாட்ட வழியே இல்லை, இருந்தும் என் கண் நிமிஷத்துக்கு ஒரு தரம் வலது பக்கம் மேலே போகிறது, கண்ணாடி இருக்க வேண்டிய இடத்துக்கு. அங்கே கண்ணாடி இல்லை. ஒரு புங்கமரக் கிளை இருக்கிறது, அதற்கு மேல் மார்கழி மாதத்து வெளுத்த வானம் இருக்கிறது. கண்ணை இறக்கி முன்னால் பார்க்கிறேன். இருபது அடி முன்னால் கருணா போகிறாள். கருணாம்பிகை, என் சம்சாரம், ஐம்பத்தாறு வயது, பச்சை நிற லேடீஸ் சைக்கிள், புடவைக்கு மேல் என் பழைய ஸ்வெட்டர், கேரியரில் கட்டுச்சோறும் என் மாத்திரை டப்பாவும். மிதிக்கிற மாதிரியே தெரியவில்லை, ஆனால் போய்க்கொண்டே இருக்கிறாள். இடது கைப்பக்கம் வாய்க்கால், கரை தொட்டுத் தண்ணீர், நாங்கள் போவதற்கு எதிராக வருகிறது, மேலே ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தேக்கிலை மிதந்து வந்து என்னைத் தாண்டிப் போனதைப் பார்த்துத்தான் தண்ணீர் ஓடுகிறது என்றே நம்பினேன். வலது பக்கம் பள்ளத்தில் மஞ்சள் வயல், அதைத் தாண்டி வாழை, அதைத் தாண்டி பனி. சத்தம் என்று பார்த்தால் என் சைக்கிள் செயின் ஒரு இடத்தில் மட்டும் சட்டத்தில் உரசுகிற சத்தம்தான். இத்தனை அமைதியில் மனுஷன் எப்படி வண்டி ஓட்டுவது? முப்பத்தோரு வருஷம் நான் பஸ்ஸைக் காதால்தான் ஓட்டினேன். இன்ஜின் முனகினால் கியரை இறக்கு, டயர் சீறினால் மழை, பின்சீட்டில் பேச்சு நின்றால் ஜனம் தூங்குகிறது, பிரேக்கை மெதுவாகத் தொடு. இங்கே எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் தேக்கிலையும் மட்டும். ஆனால் கால் மிதிக்கிறது. அது மிதிக்கிறதே என்கிற சந்தோஷத்தை என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி கண்ணாடியைப் பார்க்கிறேன்.

ஆகாயம். எட்டு மாதத்துக்கு முன்னால் என் நெஞ்சை நடுவே அறுத்துத் திறந்தார்கள். வலது காலில் கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரு ரத்தக்குழாயை உருவியெடுத்து, அடைத்துப் போன இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி மாற்றுப்பாதை வைத்துத் தைத்தார்கள். பைபாஸ் என்றால் எனக்குப் புரியாதா, ஊருக்குள்ளே நெரிசல் என்றால் வெளியே சுற்றிப் போ, அவ்வளவுதானே. ஆனால் எந்தக் காலிலிருந்து எடுத்தார்கள் என்பதுதான் என்னை விடவில்லை. அது பிரேக் மிதித்த கால். முப்பத்தோரு வருஷம் ஈரோட்டுக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே மாட்டுக்கும் மனுஷனுக்கும் நாய்க்கும் மிதித்த கால், அதன் குழாய் இப்போது நெஞ்சுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ, ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எனக்கு எதைக் கண்டாலும் நின்றுவிடத் தோன்றியது. ஒரு நாள் வீட்டுக்கு எதிரே மருந்துக்கடைக்குப் போக ரோட்டோரம் நின்றேன். தாண்ட வேண்டியது முப்பது அடி. இருபது நிமிஷம் நின்றேன். என்னோடு ஒரே டிப்போவில் இருந்தவன் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தான், என்னைப் பார்த்துவிட்டான், பிரியத்தில் ஒரு நீள ஹாரன் அடித்தான். எனக்குள்ளே தைத்த இடமெல்லாம் அவிழ்கிற மாதிரி இருந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அர்த்தநாரி டிரைவர், தலைதீபாவளி அன்றைக்குக்கூட வண்டி எடுத்தவன், ரோட்டோரத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருக்கிறேன், கையில் மருந்துச்சீட்டு. கருணா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். வீட்டுக்குள் போனதும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னாள், "ரோடே வேண்டாமுங்க. ரோடு இல்லாத பக்கமாப் போலாம்." எங்கே என்றேன். "வாய்க்கா மேட்டுல. எங்கண்ணன் ஊட்டுக்கிட்ட ஏறினா ஆறு வரைக்கும் போலாமுங்க. மேடு இருக்காது. தண்ணி போற வழில மேடு எப்பிடி இருக்கும்?" நான் எத்தனையோ ரோடு ஓட்டியிருக்கிறேன், இந்த யோசனை எனக்கு வந்ததே இல்லை. தண்ணீருக்கு மேடு ஆகாது. ஆகையால் தண்ணீர் கூடவே போகிறவனுக்கும் மேடு கிடையாது.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மெஷின் மேலே ஓடவிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டாள், "தாராளமா ஓட்டுங்க. ஒரே ஒரு விஷயம், பேசிக்கிட்டே ஓட்டுங்க. பேச்சு சரளமா வந்தா நெஞ்சு நல்லாருக்குன்னு அர்த்தம். பேச்சு திக்கினா இறங்கிடுங்க." என் சம்சாரத்துக்கு இதைவிட என்ன வேண்டும். காலை நாலரைக்கு டூட்டிக்குப் போய், இருட்டிய பிறகு வந்து, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுத் தூங்கின மனுஷன் நான். வீட்டில் நான் பேசின பேச்சை எல்லாம் எழுதினால் ஒரு டிக்கெட்டின் பின்பக்கம் போதும். மூன்று மாதம் ஸ்கூல் கிரவுண்டில் என்னைச் சுற்றவிட்டு, "பேசுங்க, பேசுங்க" என்று வறுத்தெடுத்தாள். இன்றைக்கு இருபத்தாறு கிலோமீட்டர். கோபியிலிருந்து சத்திக்கு அவ்வளவுதான், பஸ்ஸில் முக்கால் மணிநேரம், அதில் நான் பார்த்தது என்ன? எதிரே வருகிற வண்டி, பின்னே வருகிற வண்டி. இங்கே ஒரு மீன்கொத்தி கம்பியிலிருந்து விழுந்த மாதிரி வாய்க்காலில் விழுந்து, எழுந்து, வாயில் வெள்ளியோடு திரும்பக் கம்பிக்கே போய் உட்கார்ந்துவிட்டது. மொத்தம் மூன்று நொடி. அந்த மூன்று நொடியும் எனக்குக் கிடைத்தது. ஒரு பெரிய பாம்புத்தாரா கரையில் இறக்கையை விரித்துப் போட்டுக் காயவைத்துக்கொண்டிருக்கிறது, நாங்கள் பக்கத்தில் போயும் மடக்கவில்லை. ஈரமண் வாசனை, கரும்பாலைப் பாகு வாசனை எங்கிருந்தோ, புங்கம்பூ வாசனை இல்லை, அது வைகாசியில்தான், ஆனால் நான் அதையும் முகர்ந்துகொள்கிறேன், இன்றைக்கு எனக்கு எல்லாம் கிடைக்கும். "ஏனுங்க, பேச்சையே காணோம்?" என்று முன்னாலிருந்து குரல். "பேசிட்டுத்தான் வர்றேன்," என்றேன். "எனக்குக் கேக்கலையே." "மனசுக்குள்ள." "அது செல்லாதுங்க," என்றாள்.

பதிமூன்றாவது கிலோமீட்டரில் ஒரு மதகு. மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் நஞ்சப்பன் அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து வேப்பங்குச்சி மென்றுகொண்டிருந்தான். கருணாவின் அண்ணனுக்குத் தெரிந்தவன். பிளாஸ்க்கிலிருந்து மூன்று பேரும் காபி குடித்தோம். பாதி தூரம் வந்துவிட்டேன் என்கிற மப்பு எனக்கு. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, பேச்சு மழையாகக் கொட்டுகிறது, கேட்பதற்குப் புது ஆள் வேறு. என்ன வேலையிலிருந்தீங்க என்று கேட்டான். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டேன். "முப்பத்தோரு வருஷம் சர்வீஸு. ஈரோடு சத்தி ரூட்டு. ஒரு கீறல் கிடையாது. ஒரு ஆளை, ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட விழத்தாட்டினதில்லை. விபத்தில்லாம ஓட்டினதுக்கு மெடல் குடுத்தாங்க, ஊட்டுல கண்ணாடிச் சட்டத்துல மாட்டி இருக்குது." நஞ்சப்பன் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பெரிய விஷயமுங்கண்ணா," என்றான். அப்போதுதான் கருணா சிரித்தாள். சத்தமாக இல்லை, மூக்கால் ஒரு சிரிப்பு, டம்ளருக்குள்ளே. நஞ்சப்பன் கவனிக்கவில்லை. "பத்து மணிக்குள்ள பாறைக் கரட்டைத் தாண்டிருங்க," என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "காட்டுக்குள்ள வாய்க்காலு பாறையைக் குடைஞ்சுட்டுப் போவுது, பாதை மட்டும் கரடு மேல ஏறி எறங்கும். அந்த ஒரு மேடுதான். ராத்திரி தண்ணிக்கு வந்த யானை விடியறதுக்குள்ள போயிருச்சு, இருந்தாலும் வெயில் ஏறுமுன்னே போயிருங்க." மேடு. தண்ணீர் போகிற வழியில் மேடு இல்லை என்று சொன்னாளே. நான் கருணாவைப் பார்த்தேன். அவள் டம்ளரை வாய்க்காலில் அலசிக்கொண்டிருந்தாள்.

மேட்டைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்த மூக்குச் சிரிப்புதான் சட்டைக்குள் நெல்லுத்தூசி விழுந்த மாதிரி அரித்துக்கொண்டு வந்தது. ஒரு கிலோமீட்டர் தாங்கினேன். பிறகு மிதித்துப்போய் அவளுக்குப் பக்கத்தில் சேர்ந்தேன். "ஏம்புள்ள, எதுக்குச் சிரிச்சே?" "எப்பங்க?" "மதகுகிட்ட. நான் மெடலைச் சொன்னப்போ." அவள் கொஞ்சதூரம் மிதித்தாள். "அட உடுங்க." "சொல்லு." "இத்தனை வருஷம் சொல்லாததை இப்ப எதுக்குங்க." இப்படி ஒருத்தி சொன்ன பிறகு எவன் விடுவான். அவள் சொன்னாள். முகத்தைப் பாதைக்கு நேராக வைத்துக்கொண்டு, பால்வாடிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிற அதே குரலில் சொன்னாள். கருணா இருபத்திரண்டு வருஷம் பால்வாடி டீச்சர், வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர், சத்தி ரோட்டில்தான் சைக்கிளில் போய்வருவாள், இந்தப் பச்சைச் சைக்கிளுக்கு முந்தின ஒன்றில். ஒரு ஐப்பசி மழைக்காலம், சின்னவன் நாலாவது படிக்கிற வருஷம். தார் ரோட்டுக்கு ஓரம் முழங்கால் ஆழத்துக்கு அரித்துப் போயிருந்தது. பின்னால் ஹாரன் கேட்டது. ஒரு நீளம், ரெண்டு குறில், மறுபடி ஒரு நீளம். "உங்க கை எனக்குத் தெரியாதுங்களா? ஊட்டுக்கு முன்னால தெனமும் அடிச்சுட்டுப் போவீங்களே. எனக்கு ஒரே சந்தோசம். நம்ம பஸ்ஸு வருது, நம்ம ஊட்டுக்காரரு என்னைப் பாப்பாருன்னு. திரும்பி ஒரு கையத் தூக்கினேன். நீங்க ஓரங்கட்டவும் இல்ல, மெதுவாக்கவும் இல்ல. ஒதுங்கினேன், சக்கரம் பள்ளத்துல எறங்கிருச்சு. பாலத்துக் கல்லுல தாடை." அவ்வளவுதான் சொன்னாள். அவள் தாடையில் ஒரு தழும்பு உண்டு. மூன்று தையல். குழாயடியில் வழுக்கி விழுந்ததாக எனக்குச் சொல்லப்பட்ட தழும்பு. பதினெட்டு வருஷமாக என் எதிரே உட்கார்ந்து சாப்பாடு போடுகிற தழும்பு. "ஏன் சொல்லலை?" என்றேன். "சொல்லியிருந்தா அன்னைக்கு நீங்க தூங்கியிருக்க மாட்டீங்க. விடிஞ்சா நாலரைக்கு டூட்டி. அம்பத்தஞ்சு பேரு பின்னால உக்காந்திருப்பாங்க." சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள்.

காடு எப்போது ஆரம்பித்தது என்று நான் பார்க்கவில்லை. தேக்கு வந்திருந்தது, மூங்கில் வந்திருந்தது, வாய்க்கால் தண்ணீர் பச்சையாகி இருந்தது, நான் அந்த ஐப்பசி நாளைத் தேடிக்கொண்டிருந்தேன். எந்தக் கிழமை. எந்த டிரிப். யார் கண்டக்டர். மழை என்றால் வைப்பர் ஓடியிருக்கும், வைப்பர் ஓடினால் கண்ணாடியில் ஒரு வில் மட்டும் தெளிவாக இருக்கும், அந்த வில்லுக்குள்ளே ஒரு சைக்கிள் வந்திருக்க வேண்டும், ஒரு புடவை, தூக்கின ஒரு கை. தேடுகிறேன். வரவில்லை. ஒன்றுமே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சாலைப்புதூரில் ஒரு கோழி தப்பித்தது ஞாபகம் இருக்கிறது, அதன் வால் இறகுகூட ஞாபகம் இருக்கிறது. என் பெண்டாட்டி விழுந்த நாள் என்னிடம் இல்லை. அது எனக்கு ஒரு நாளே இல்லை, சைக்கிள் போனால் ஹாரன் அடிப்பது, அது ஒதுங்கும், ஒதுங்காமல் எங்கே போகும், இப்படி ஒரு டிரிப்புக்கு இருநூறு சைக்கிள் ஒதுங்கியது, பால்காரன், தறிக்குப் போகிறவன், ஸ்கூல் பிள்ளைகள், எல்லாரும் மண்ணில் இறங்கி ஒரு காலை ஊன்றி நின்று நான் போனபிறகு மறுபடி ஏறியிருப்பார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று பார்க்க எனக்குக் கண்ணாடி இருந்ததே, பெரிய கண்ணாடி, தினமும் துடைத்த கண்ணாடி, அதில் நான் என்னத்தைப் பார்த்தேன்? என்னை முந்த வருகிறவனைப் பார்த்தேன். பாதை நடுவே யானைச் சாணி. புதுசு, ஆவிகூட அடங்கின மாதிரி இல்லை. வலது பக்கம் மூங்கில் ஒன்று மளுக்கென்றது, நெஞ்சு குதித்தது, குதித்து அடங்கியது, அடங்கியதை நான் கவனித்தேன், ஒரு கிழட்டுக் காட்டுப்பூனை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று, நான் சாகவில்லை. பயம் வந்தது, போனது, மிதிக்கிற கால் நிற்கவே இல்லை. எட்டு மாதமாக எதைக் கேட்டாலும் நின்ற கால். கருணா திரும்பிப் பார்த்தாள். நான் வருகிறேனா என்று பார்த்தாள். இந்த இருபது கிலோமீட்டரில் அவள் எத்தனை தடவை திரும்பிப் பார்த்திருப்பாள்? கண்ணாடியே இல்லாமல், கழுத்தைத் திருப்பி.

பிறகு மேடு வந்தது. வாய்க்கால் ஒரு கரும்பாறை வாய்க்குள் நுழைந்து காணாமல் போய்விட்டது, பாதை மட்டும் வெளியே நின்று, வேறு வழி இல்லாமல், கரட்டின் முதுகில் ஏறியது. செம்மண், நடுவே மழை அறுத்த கோடு. அரைக் கிலோமீட்டர் இருக்கும். கருணா நின்றாள், நான் வந்து சேர்ந்தேன். "எறங்கித் தள்ளலாமுங்க," என்றாள். நியாயமான பேச்சு. "நீ?" என்றேன். "நான் ஏறிருவேன்." "அப்ப நானும் ஏறறேன்." அவள் என் முகத்தைப் பார்த்தாள், டிக்கெட் இல்லாதவனைப் பரிசோதகர் பார்க்கிற மாதிரி. "அப்ப பேசிட்டே வரோணும். பேச்சு நின்னா நானே சைக்கிளைப் புடிச்சு எறக்கிருவேன்." சரி என்றேன். பக்கத்தில் பக்கத்தில் மிதித்தோம். "பேசுங்க." "என்னத்தப் பேச?" "எதையாச்சும்." வாய் தானாக ஆரம்பித்தது, "ஈரோடு. வீரப்பன்சத்திரம். சித்தோடு. கவுந்தப்பாடி." "அது பேச்சில்லீங்க, அது போர்டு." தொடை நெருப்பாகிறது. பத்து மிதி. ஒரு மிதிக்கு ஒரு மூச்சு. நெஞ்சுக்குள் புதுப்பாதையில் ரத்தம் ஓடுகிற சத்தம் காதில் கேட்கிறது, அது முனகவில்லை, சீறவில்லை, நல்ல இன்ஜின் மூன்றாம் கியரில் இழுக்கிற சத்தம். "எந்தக் கையத் தூக்கினே?" என்று கேட்டேன். அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை, பிறகு புரிந்தது. "சோத்தாங்கை." மிதி. "சிரிச்சியா?" "சிரிச்சேன்." மிதி. மிதி. சரளைக்கல்லில் சக்கரம் வழுக்கிப் பிடித்தது. "நான் பாக்கலை." "தெரியுமுங்க." "பாத்திருக்கோணும்." "பேச்சு திக்குது." "திக்கலை. இது வேற." நிஜமாகவே அது வேறு. மூச்சு இருக்கிறது, வார்த்தைதான் மேட்டில் ஏறமாட்டேன் என்கிறது, முப்பது வருஷமாக ஷெட்டில் நின்ற வார்த்தை, பாட்டரி போய், துருப்பிடித்து, அதைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண வேண்டும். "உன்னைய மட்டுமில்ல. யாரையும்... பாக்கலை. கண்ணாடில முந்த வர்றவனைப் பாத்தேன். ஓரத்துல போனவங்களப் பாக்கலை." மிதி. "மன்னிச்சிரு கருணா." சொல்லிவிட்டேன். மேட்டில், வாய் நிறையக் காற்றோடு, வியர்வை கண்ணில் எரிய, முழுசாகச் சொல்லிவிட்டேன், ஒரு எழுத்துத் திக்கவில்லை. அவள் நாலு மிதி மிதித்தாள். "மன்னிச்செல்லாம் அன்னைக்கே ஆயிருச்சுங்க. கோவம்தான் ஒரு நாலு வருசம் இருந்துச்சு." "நாலு வருசமா?" "ஆமா." நான் கணக்குப் போட்டேன், ஐப்பசி, சின்னவன் நாலாவது, அதிலிருந்து நாலு வருஷம். "அதனாலதான் அந்த நாலு வருசமும் என் காக்கிச் சட்டைக்குப் பொத்தானே தெச்சுக் குடுக்கலையா?" "அதனாலதான்." "ஊக்குக் குத்திட்டு ஓட்டினேன் புள்ள!" "பாத்தேன். ஒவ்வொரு நாளும் பாத்து சந்தோசப்பட்டேன்." எனக்குச் சிரிப்பு வந்தது. மேட்டில் யாராவது சிரிப்பார்களா? சிரித்தேன். அவளும் சிரித்தாள், இந்தத் தடவை மூக்கால் இல்லை. சிரித்துக்கொண்டே இரண்டு கிழங்களும் நின்றுகொண்டு மிதிக்கிறோம், சைக்கிள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுகிறது, சிரிக்கவும் மூச்சு இருக்கிறது, மிதிக்கவும் மூச்சு இருக்கிறது, மிச்சமும் இருக்கிறது, இத்தனை மூச்சை எங்கே வைத்திருந்தேன் நான், பாறை விளிம்பு தாழ்கிறது, தாழ்கிறது, அதற்குப் பின்னால் மரத்தலைகள், மரத்தலைகளுக்குப் பின்னால் ஆகாயம், ஆகாயம் இறங்கி இறங்கி என் மார்புக்கு நேரே வந்துவிட்டது, மேடு முடிந்துவிட்டது. ஏறிவிட்டேன். காலை ஊன்றவே இல்லை. தள்ளவே இல்லை. அர்த்தநாரி, அறுபது வயது, அறுத்துத் தைத்த நெஞ்சு, கரட்டு உச்சியில் நிற்கிறேன்.

கீழே பவானி ஆறு. காட்டைப் பிளந்துகொண்டு வளைந்து வருகிறது, வளைவில் வெள்ளை மணல், மணலை ஒட்டி முழங்கால் ஆழத்தில் தண்ணீர் பாறைகளைச் சுற்றிச் சுற்றி மினுங்குகிறது, ஒரு வண்டி இல்லை, ஒரு புகை இல்லை. பாதை எங்கள் காலடியிலிருந்து ஆற்று மணல் வரைக்கும் ஒரே சரிவாகப் போகிறது, வளைவு இல்லை, புல் படர்ந்த மண். கருணா தண்ணீர் பாட்டிலை மூடினாள், முந்தானையை இடுப்பில் செருகினாள், "வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டாள், பதிலுக்கு நிற்கவில்லை. போய்விட்டாள். "பிரேக்கைப் புடிச்சுட்டே போ!" என்று கத்தினேன். பிடிக்கவில்லை. சைக்கிள் மதகிலிருந்து விட்ட தண்ணீர் மாதிரி இறங்கியது, அவள் இரண்டு காலையும் மிதியிலிருந்து தூக்கி விரித்துக்கொண்டு, ஓ என்று ஒரு கூச்சல் போட்டாள், எனக்குக் கல்யாணம் ஆகி முப்பத்து மூன்று வருஷம், அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. எனக்கு ஒரு சட்டம் உண்டு. திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டைஊசி வளைவு, சில வருஷம் அந்தப் பக்கமும் ஓட்டினேன். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, வண்டியை ஒரு கணம்கூட அதன் இஷ்டத்துக்கு விடாதே, விட்டால் அது உன் வண்டி இல்லை. நான் விட்டதில்லை. வண்டியை விட்டதில்லை, வீட்டை விட்டதில்லை, என்னை விட்டதில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தேன். பிரேக்கின் மேல் நாலு விரல் இருந்தது. ஒரு விரலை எடுத்தேன். இன்னொன்றை எடுத்தேன். சைக்கிள் நகர்ந்தது. மீதி இரண்டையும் எடுத்துவிட்டேன். அப்புறம் காற்றுதான், முகம் முழுக்கக் காற்று, சட்டைக்குள் புகுந்து முதுகில் பலூன் மாதிரி உப்புகிறது, கண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் காது வரைக்கும் ஓடுகிறது, செயின் உரசவில்லை, எதுவும் உரசவில்லை, தேக்குமரமெல்லாம் என்னைப் பார்த்து ஒதுங்கவில்லை, அது பாட்டுக்கு நிற்கிறது, நான்தான் போகிறேன், வாயில் ஏதோ சத்தம் வருகிறது, பாட்டும் இல்லை அழுகையும் இல்லை, அது என்னுடையதுதான், இத்தனை பெரிய சத்தமா எனக்குள்ளே இருந்தது? கீழே கருணா சைக்கிளை மணலில் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் நிற்கிறாள், புடவை நனைந்து, இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறாள். இரண்டு கையும் தெரிகிறது. விரல்விரலாகத் தெரிகிறது. "ஏனுங்க! நில்லுங்க, நில்லுங்க, மணலு வருது, நில்லுங்க!" நான் நிற்கவில்லை. நானும் ஒரு கையைத் தூக்கினேன். மணல் சக்கரத்தைப் பிடித்து இழுத்தது, இரண்டு மிதி மிதித்து அதையும் தாண்டினேன், அவள் சிரித்துக்கொண்டே ஒதுங்காமல் அங்கேயே நின்றாள், அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டு, முன்சக்கரம், அதற்குப் பின்னால் பின்சக்கரம், அதற்கு மேல் நான், ஆற்றுக்குள் இறங்கினேன்.